பேர் போட்ட டம்ளர்

எங்கள் ஆபீஸில் யாராவது புது வீட்டுக்குப் பால் காய்ச்சினால், என்ன வாங்கிக் கொடுப்பது என்று முடிவு செய்கிற வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. நான் கேட்டு வாங்கிய பொறுப்பு இல்லை. எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஓர் அரசாங்க ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில், ஒரு கூத்து நடக்க இருந்ததை வாய் திறந்து தடுத்தேன், அவ்வளவுதான். எங்கள் பியூன் ஒரு பாய். அவர் சின்னதாக வீடு கட்டி முடித்திருந்தார். எல்லாருமாகச் சேர்ந்து அவருக்குக் குத்துவிளக்கு வாங்கி வந்துவிட்டார்கள். உச்சியில் அன்னம் வைத்த விளக்கு. இதை ஏற்றி வைத்து அவர் எந்தச் சாமியைக் கும்பிடுவார் என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்க்கடிகாரம் வாங்கப் போனோம். கடைக்காரர் மான் படம் போட்ட கடிகாரத்தை எடுத்து நீட்டினார். உருவம் எதுவும் இல்லாததாகக் கொடுங்கள் என்று மாற்றி வாங்கியதும் நான்தான்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று பேராகிவிட்டது. டைப்பிஸ்ட் அண்ணாச்சி வேதக்காரர். சிலுவைப் படமும் வசனப் படமும் அவர்கள் சபையிலிருந்தே வந்து குவிந்துவிடும், கிறிஸ்துமஸுக்கு ஊருக்கே சோறு போடுகிற வீடு, பெரிய அண்டாவாகக் கொடுப்போம் என்றேன். அந்த அண்ணாச்சியின் மனைவி அண்டாவைக் கட்டிப் பிடிக்காத குறைதான். குருவிகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர் ஒருவர் எங்களுக்கு மேலதிகாரி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், நெற்றியில் நாமம் போடுகிற குடும்பம். அவருக்குப் பெருமாள் படம் தேடி எடுத்தேன். எங்கள் ஊர்ச் சாமி படத்தையே கொடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். ஒரு பாதி சிவன், மறு பாதி பெருமாள், யாருக்குக் கொடுத்தாலும் தப்பு வராது என்பது அவர் கணக்கு. தப்பு வரும், சிவன் பாதி எதற்கு என்று மேலதிகாரி வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள் என்றேன். அதுவும் அப்படியே சரியாக இருந்தது.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று வியந்து கேட்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். நாங்கள் பரம்பரையாக வயலில் நாற்று நட்ட சனம். எந்தத் தெருவில் செருப்பைக் கழற்ற வேண்டும், எந்த வாசலில் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், யாரிடம் என்ன கேட்கக் கூடாது என்று தெரியாமல் எங்கள் ஆட்கள் ஒரு நாளைக் கடத்த முடியாது. எல்லாருடைய வழக்கமும் எங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். எங்கள் வழக்கம் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அ, ஆ எழுதப் பழகுவதற்கு முன்பே நான் படித்து முடித்த பாடம் அது.

அன்பளிப்பைத் தேர்ந்தெடுப்பவள் நான்தானே, பால் காய்ச்சுக்கும் தவறாமல் போவேன். போன வீடுகளில் பாதியில் எனக்கு மட்டும் கலர் வாங்கித் தருவார்கள். கலர் என்றால் கடையில் விற்கிற சோடா, சிவப்பிலும் ஆரஞ்சிலும் பாட்டிலோடு வரும். மற்றவர்கள் கையில் டம்ளரில் பால் இருக்கும். வெயிலாக இருக்கிறதே, நீ கலர் குடி என்று உபசாரமாகச் சொல்வார்கள். முதல் வீட்டில், எனக்குத் தனி மரியாதை என்று நினைத்துச் சந்தோஷமாகக் குடித்தேன். இரண்டாவது வீட்டிலும் அதே கலர் வந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. பாட்டில் கடைக்குத் திரும்பிப் போய்விடும். அந்த வீட்டில் யாரும் அதைக் கழுவி எடுத்து வைக்க வேண்டியதில்லை.

ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜை ஓர் அக்காவுக்கு. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டமும் நிலமும் உள்ள குடும்பம். நல்லவள். இதை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனாலும் நல்லவள்தான். நான் பிள்ளை உண்டாகி மயக்கமாகக் கிடந்த மாதங்களில் என் பைல்களையும் அவளே பார்த்தாள். மேலதிகாரி என்னிடம் சாதியை மனதில் வைத்து ஒரு வார்த்தை விட்டபோது, எழுந்து நின்று கேட்டவள் அவள் ஒருத்திதான். மதியம் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். அவள் குழம்பை எனக்கு ஊற்றுவாள். என் குழம்பை, வயிறு நிறைந்துவிட்டது என்பாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் ஆபீஸில் கடன் போட்டு, தறிச் சத்தம் கேட்கிற தெருக்களைத் தாண்டி, புதிதாக மனை பிரித்த இடத்தில் வீடு கட்டினோம். இரண்டு அறை, ஒரு கூடம், தளம் போட்ட கூரை. கரிவலம்வந்தநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து என் அப்பா பஸ் ஏறி வந்து வந்து பார்த்துவிட்டுப் போவார். அப்பாவை நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். அவர் ஊரில் கண்ணில் படுகிற எல்லாரையும் ஐயா என்பார். அவரை ஐயா என்று கூப்பிட நாங்கள் மட்டும்தான் இருந்தோம். அந்த ஊர் டீக்கடையில் அவர் சின்ன வயதில் தேங்காய்ச் சிரட்டையில் குடித்திருக்கிறார். பிறகு கண்ணாடி கிளாஸ் வந்தபோது, எங்கள் ஆட்களுக்கென்று தனியாக இரண்டு கிளாஸை வெளியே கூரைக் கீற்றில் செருகி வைத்திருப்பார்கள். குடித்துவிட்டு நாமே கழுவித் திரும்பச் செருகிவிட வேண்டும்.

கூரைக்குத் தளம் போட்ட அன்றைக்கு ஐயா என்னிடம் ஒன்று சொன்னார். இனிமேல் தனக்கு வேண்டியது எதுவும் இல்லை, ஒன்றே ஒன்றைத் தவிர என்றார்.

“ஒன் ஆபீசுல உள்ளவுக நம்ம வீட்டுல வந்து ஒரு வாய் குடிச்சிட்டுப் போறத நான் கண்ணால பாத்துட்டா போதும் மக்கா.”

வேறு எதைக் கேட்டிருந்தாலும் வாங்கிக் கொடுத்திருப்பேன். இதை எந்தக் கடையில் போய் வாங்குவது?

பால் காய்ச்சு நெருங்கியபோது அவரே பயந்துவிட்டார். கலர் பாட்டில் கொஞ்சம் வாங்கி வைத்துவிடு, அவர்களைச் சங்கடப்படுத்தாதே என்றார். கலர் கிடையாது என்று சொல்லிவிட்டேன். குடித்தால் என் அடுப்பில் காய்ச்சிய பாலைக் குடிக்கட்டும், இல்லையென்றால் சும்மா போகட்டும். ஐயா என்னை வெறித்துப் பார்த்தார். அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கே அது புதிதாகத்தான் இருந்தது. ஆபீஸ் ஆட்களுக்கென்று தனியாக ஒரு தட்டு நிறையப் புது எவர்சில்வர் டம்ளர்களாகவே வாங்கி வைத்தேன்.

எனக்கு என்ன கொடுப்பது என்பதை ஆபீஸில் என்னைக் கேட்காமல்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. இந்த முறை நீ வாயே திறக்கக் கூடாது என்று கேலி செய்தார்கள். அக்கா பொறுப்பை எடுத்துக்கொண்டாள். பாத்திரக்கடைக்கு அவள் மூன்று தடவை போய் வந்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கு உள்ளூரப் பெருமை. என்னை நினைத்து ஒருத்தி கடை ஏறி இறங்குகிறாள் என்பது அதுவரை நடக்காத விஷயம்.

பக்கத்து மனையில் எங்களுக்கு முன்பே குடி வந்திருந்த தையல்கடைக்காரர் மனைவி நேரடியாகவே வந்து கேட்டாள்.

“மயினி, ஒங்க வழக்கத்துல புது வூட்டுக்குள்ள மொதல்ல என்னத்தக் கொண்டு போவிய?”

உப்பும் மஞ்சளும் என்றேன். பால் காய்ச்சிய அன்று விடியக்காலையில் ஒரு மண்சட்டி நிறைய உப்பும், மேலே நாலு மஞ்சள் கிழங்கும் வைத்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிடைத்த டம்ளரில் பாலை வாங்கி, பிஸ்மி சொல்லிக் குடித்துவிட்டு, சர்க்கரை பத்தாது என்றாள். ஐயாவை அண்ணாச்சி என்று கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போனாள். ஆனால் ஐயா கேட்டது ஆபீஸ் ஆட்களை. தாங்கள் உழுத நிலத்துக்குச் சொந்தக்காரர்களின் சாதியில் ஒருவர் வந்து குடித்தால்தான் அவருக்கு அது கணக்கு.

ஆபீஸ் ஆட்கள் ஒன்பது மணி வாக்கில் மொத்தமாக வந்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை, நாமம் போட்ட மேலதிகாரி உட்பட. பளபளக்கும் காகிதம் சுற்றிய பெரிய பெட்டியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்கள். அக்கா அந்தப் பெட்டியை அப்படியே அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு என்னோடு அடுப்படிக்குள் வந்தாள். என் வீட்டு அடுப்படிக்குள் அவள் காலெடுத்து வைத்ததைப் பார்த்ததுமே, ஐயா இதைக் கவனித்தாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

“ஏட்டி, நீ போயி வந்தவுகளக் கவனி. இங்கன நான் பாத்துக்கிடுதேன்” என்றாள்.

நான் கூடத்துக்கு வந்து, பாய் விரித்து, பெஞ்சு இழுத்துப் போட்டு, ஜன்னல் எந்தக் கட்டை, தளம் யார் போட்டது என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்காவே தட்டில் வைத்துப் பாலைக் கொண்டுவந்தாள். எல்லாரும் எடுத்துக் குடித்தார்கள். மேலதிகாரியும் குடித்தார். ஒருவர்கூட வயிற்றுவலி என்று சொல்லவில்லை, விரதம் என்று சொல்லவில்லை. ஐயா வாசல் பக்கம் சுவரோடு ஒட்டி நின்று ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்ததை அவர் துடைக்கக்கூட இல்லை. நானும் அழுதேன். வாழ்க்கையில் அந்த அரைமணி நேரம் மட்டும் நான் யாரையும் வெறுக்கவில்லை.

அவர்கள் கிளம்பிய பிறகு அடுப்படிக்குப் போனேன். நான் வாங்கி வைத்திருந்த டம்ளர்கள் தட்டில் கவிழ்த்தபடியே, ஒன்றுகூட அசங்காமல் இருந்தன. ஒரு சொட்டு ஈரம் இல்லை. பளபளக்கும் காகிதம் கிழிந்து மூலையில் கிடந்தது. தொட்டிப் பக்கம் அக்கா மட்டும் போகாமல் நின்று, எல்லாரும் குடித்த டம்ளர்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர்கள். ஒவ்வொன்றின் விளிம்புக்குக் கீழேயும் கடைக்காரர் புள்ளிபுள்ளியாகப் பேர் வெட்டியிருந்தார்: அன்பளிப்பு, அலுவலக நண்பர்கள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. அன்பளிப்பை இன்றைக்கே பிரித்துவிட்டாயே அக்கா, என் டம்ளர்தான் நிறைய இருக்கிறதே என்றேன்.

“ஒன் டம்ளர்ல குடுத்திருந்தா ஒருத்தரும் வாய வச்சிருக்க மாட்டாகட்டி. இது நாங்க வாங்குனதுல்லா, இன்னும் ஒங்க வீட்டுப் பொழக்கத்துக்கு வரல, அதான் யோசிக்காமக் குடிச்சாக. நாலு நாளா இதே யோசனதான் எனக்கு. குத்துவிளக்கு வாங்கலாம்னாக, நாந்தான் டம்ளர்னு புடிவாதமா நின்னேன். ஒனக்காகத்தான்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கஷ்டமான கணக்கு ஒன்றைப் போட்டு விடை சரியாக வந்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில். எத்தனையோ வீடுகளுக்கு நான் அப்படித்தான் யோசித்திருக்கிறேன். இவர்களுக்கு எது சங்கடம், எது வழக்கம், எதைக் கொடுத்தால் மனம் குளிரும் என்று. அவளும் அப்படித்தான் யோசித்திருக்கிறாள். ஆனால் யாருடைய சங்கடத்தை யோசித்தாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தே செய்திருந்தால் நான் அந்த டம்ளர்களை அவள் கண் முன்னாலேயே தெருவில் வீசியிருப்பேன். அன்பாகச் செய்தவளை என்ன செய்வது?

கூடத்தில் ஐயா உரக்கச் சிரிக்கிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரரிடம், நாமக்காரர் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாரே, பார்த்தீர்களா மருமகனே என்று கேட்டுக்கொண்டிருந்தார். கழுவிய டம்ளர்களைத் துணியால் துடைத்து மேல்தட்டில் வைத்தேன்.

அதற்குப் பிறகு ஐயா சாகிற வரைக்கும் பேசித் தீராத கதையாக அது ஆகிவிடும் என்று நினைத்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்லுவார். வரப்பில் எதிரே வந்தவரிடம் சொல்லுவார். அந்த ஊர் டீக்கடையிலும் போய்ச் சொல்லியிருக்கிறார், தனி கிளாஸில் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு. என் மக வீட்டுல எல்லாச் சாதியும் பால் குடிச்சிட்டுப் போனாக, காலம் மாறிட்டு என்று. அவருக்கு டம்ளர் விஷயத்தைச் சொல்லிக் கெடுக்க நான் யார்? என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. என்னோடு புதைந்து போகட்டும் என்று இருந்தேன்.

மேல்தட்டில் அந்த டம்ளர்கள் இருந்தன. எங்கள் வீட்டில் அவற்றைப் பேர் போட்ட டம்ளர் என்போம். ஆபீஸிலிருந்து யார் வந்தாலும் என் கை தானாக மேல்தட்டுக்குத்தான் போகும். டீக்கடைக்காரன் எங்களுக்குத் தனி கிளாஸ் செருகி வைத்தான். நான் என் சொந்த வீட்டில் அவர்களுக்குத் தனி டம்ளர் அடுக்கி வைத்தேன். பிள்ளைகள் தெரியாமல் அதில் தண்ணீர் மோந்துவிட்டால், எடுக்காதே என்று சத்தம் போடுவேன். ஏன் என்று கேட்டால், விருந்தாளிக்கு உள்ளது என்பேன்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு சித்திரை வெயிலில், புளியங்குடி பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று அக்கா வீட்டுக்கு வந்தாள். ஐயா அன்று எங்களோடு இருந்தார். நான் அடுப்படியில் உலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் குரல் கேட்டதும் ஐயாவே நாற்காலியிலிருந்து எழுந்து, வாங்க தாயி என்று உட்காரச் சொல்லிவிட்டு, கூடத்து மூலையில் இருந்த பானையிலிருந்து தண்ணீர் மோந்து, பானை மேல் கவிழ்த்திருந்த எங்கள் டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினார். வாழ்நாளில் அவர்கள் சாதியில் ஒருவருக்கு அவர் கையால் எதையும் குடிக்கக் கொடுத்ததில்லை. என் வீடு என்பதால் கொடுத்தார். இங்கே எல்லாரும் குடிப்பார்கள் என்று அவர் கண்ணால் பார்த்திருந்தார் அல்லவா. நான் அடுப்படி நிலையில் வந்து நிற்பதற்குள் அது நடந்துவிட்டது.

அக்கா கையை நீட்டவில்லை. கோபமும் இல்லை, அருவருப்பும் இல்லை. வழக்கமான சிரிப்போடு சொன்னாள்.

“பெரியவரே, அந்தப் பேர் போட்ட டம்ளர் இருக்கும்லா. அதுல தாங்க.”

ஐயாவுக்கு விளங்கவில்லை. டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுவினதுதான் தாயி என்றார்.

“அதுக்கில்ல. எங்களுக்குன்னு தனியா இருக்குல்லா, அன்னைக்குப் பால் குடிச்சது. ஒங்க மகளுக்குத் தெரியும்.”

ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். என் முகத்தில் இருந்ததை அவர் படித்துவிட்டார். எழுத்துத் தெரியாத மனிதர், அதைப் படிக்க அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நீட்டிய தண்ணீரைக் கொண்டுபோய் முற்றத்தில் கொட்டினார். அடுப்படிக்குள் வந்து, என்னைத் தாண்டி, மேல்தட்டைத் தடவி, பேர் போட்ட டம்ளர் ஒன்றைத் துண்டு முனையால் பிடித்து எடுத்தார். விரல் படவில்லை. தண்ணீர் ஊற்றி, அவள் கையில் கொடுக்காமல், பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனார்.

அக்கா எடுத்துக் குடித்தாள். பானைத் தண்ணீர் நல்லாக் குளுந்து இருக்கு என்றாள். அது எங்கள் பானைத் தண்ணீர்தான். ஐயா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நான் கட்டிய வீட்டின் கூடத்தில், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாகக் கிடக்க, அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தார்.